சாரணையின் கடற்கரைச் சொந்தம்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு மழை விழுந்தால் போதும், மல்லாட்டைக் கொல்லையில் சாரணை படர்ந்துவிடும். இதன் நெருங்கிய சொந்தமான செசுவியம் பிச்சாவரத்து உப்புச் சேற்றில் வாழ்கிறது. லின்னேயஸ் இரண்டுக்குமே 'போர்டுலகாஸ்ட்ரம்' என்ற அடைபெயரை வைத்தார். பருப்புக்கீரையைப் போன்றது என்று பொருள். குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது.

இலையின் தடிப்பை மட்டும் நம்பக்கூடாது. ஏன்? செசுவியம் சோடியத்தைச் செல்லுக்குள் உள்ள நுண்குமிழில் பூட்டி வைத்து, கூடவே நீரையும் சேர்க்கிறது. மண்ணில் உப்பு ஏற ஏற இலை பருக்கும். ஒரே செடி, இடம் மாறினால் வேறு செடிபோலத் தெரியும்! உமரி என்று நாம் சொல்லும் சுவேடா வேறு குடும்பம். ஆனால் அதுவும் இதே உத்தியால் பிழைப்பதால் சொந்தம்போலவே இருக்கிறது.

எப்படிப் பிரிப்பது? கணுவைப் பாருங்கள். சாரணையின் எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. செசுவியத்தில் இரண்டும் ஏறக்குறையச் சமம், நீண்டு ஒடுங்கியவை. சுவேடாவிலோ மாறி மாறி வரும். பிறகு பூ. செசுவியத்தின் இளஞ்சிவப்புப் பூ காம்போடு நிற்கும். சாரணைப் பூவுக்குக் காம்பே இல்லை. இலைக்காம்படியில் உள்ள உறைக்குள் பாதி ஒளிந்திருக்கும். அந்த உறையை விரலால் மெல்ல விலக்கிப் பார்ப்பது எனக்கு இன்றும் தனிச் சந்தோஷம்.