உங்களுக்குத் தெரியுமா? பல்லாங்குழிக்குள் ஒரு பொருளாதாரம்

பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத் தமிழர் வீடுகளிலும் அறியப்பட்ட பல்லாங்குழியில், குழிக்கு 5 என 14 குழிகளில் இடப்படும் 70 காய்கள் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பதால், ஒருவரின் சேர்ப்பு மற்றவரின் இழப்பாகிறது. காய் போதாதவர் அடுத்த சுற்றில் சில குழிகளை வெறுமையாக விட்டே ஆட நேர்வதால், வறுமை வறுமையையே வளர்ப்பதை இவ்வெளிய பலகை வியக்கத்தக்க தெளிவுடன் காட்டுகிறது.

இதற்கு நேர்மாறாக, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும், கதைமாந்தராகவே மாறி ஆடும் மேசை விளையாட்டில், நிலவறைகளிலிருந்து பொற்காசு வந்துகொண்டே இருப்பதால், பயிற்சிக் கட்டணம் போன்ற ‘வடிகால்’, அதாவது காசை ஆட்டத்திலிருந்து வெளியேற்றும் கட்டாயச் செலவு, தேவைப்படுகிறது. 1978ஆம் ஆண்டு விதிநூல், பொருள்களின் உயர்ந்த விலையை அலாஸ்காவின் தங்க வேட்டைக் கால நகரங்களோடு ஒப்பிட்டே விளக்கியது.