‘பழம்’ ‘பயம்’ ஆகும் பருவம்

மூன்று வயதுக் குழந்தை தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு, “பயம் வேணும்” என்று கேட்கிறது. வீட்டார் நகைக்கின்றனர். “பயமா வேண்டும்? இதோ பூச்சாண்டி!” என்று அண்ணன் மிரட்டுகிறான். குழந்தை கேட்டதோ தட்டிலிருந்த பழத்தை!

போர்த்துக்கேய மொழி பேசும் வீடுகளிலும் இந்த வேடிக்கை உண்டு. அம்மொழியில் ‘பிராத்து’ என்றால் உணவுத் தட்டு. ‘பாத்து’ என்றால் வாத்து. பிரேசில் நாட்டுக் குழந்தை தட்டைக் கேட்கப்போய் வாத்தைக் கேட்டுவிடும். பகரமும் ரகரமும் இணையும் அவ்வொலி பிள்ளைகள் பலருக்கு ஐந்து வயதளவிலேதான் செம்மைப்படுகிறது. அந்நாட்டுச் சித்திரக்கதையாசிரியர் மவுரிசியோ டி சோசா 1960ஆம் ஆண்டில் படைத்த செபோலிஞ்ஞா என்னும் சிறுவன், ரகரத்துக்குப் பதிலாக லகரத்தையே சொல்லிப் புகழ் பெற்றவன்!

மொழி எதுவாயினும், குழந்தை முதலில் எய்துவன பெரும்பாலும் உயிரொலிகளும், இதழ் பொருந்திப் பிறக்கும் பகர மகரங்களுமே. ஆகவேதான் நமக்கு அம்மா, அப்பா. சிங்களக் குழந்தைக்கு அம்மா, தாத்தா. பிரேசிற் குழந்தைக்கு மமாய், பப்பாய். ரகர, லகர இனங்கள் பின்னரே வருகின்றன. காரணத்தைத் தொல்காப்பியப் பிறப்பியலிலே காணலாம். பகர மகரங்களுக்கு இதழிரண்டும் பொருந்தினாற் போதும். ரகர ழகரங்களுக்கோ, நாவின் நுனி மேலெழுந்து அண்ணத்தை வருட வேண்டும் என்கிறார் ஆசிரியர். இதழை மூடுவது எளிது. நா நுனியை மயிரிழை அளவறிந்து நிறுத்துவது அரிய வித்தையன்றோ?

ஆயினும், நாவுக்கு முன்னரே செவி தேர்ந்துவிடுகிறது. ‘பயம்’ என்று சொல்லும் அதே குழந்தையிடம் நாமும் “பயமா?” என்று கேட்டால், “இல்லை, பயம்!” என்று சினந்து மறுக்கும். தன் பிழை அதற்குப் புலப்படுவதில்லை. நம் பிழை புலப்படுகிறது! அமெரிக்க ஆய்வாளர் ஜீன் பெர்க்கோவும் ரோஜர் பிரவுனும் 1960இல் இத்தகைய ஒரு நிகழ்ச்சியை எழுதிவைத்தனர். எனவே மழலையைத் திருப்பிச் சொல்லிக் கொஞ்சுவதிலும், “ஆம், பழம் தருகிறேன்” எனத் திருந்திய சொல்லைச் செவியில் விழச்செய்வதே பயன் தரும்.

இனி நம் மஹய்யாவப் பிள்ளைகளைப் பார்ப்போம். இங்கே தெருவில் தமிழும் சிங்களமும் கலந்தே ஒலிக்கின்றன. சிங்களத்தில் ழகரம் இல்லை. லகரமும் ளகரமும் எழுத்தில் வேறாயினும் பேச்சில் ஒன்றே. தமிழர் வீடுகளிலும் பெரியோர் பலர் ‘வாளப்பளம்’ என்றே வழங்குகின்றனர். செவியிற் படாத ஒலி நாவிலே எவ்வாறு தோன்றும்? வகுப்பிலே ழகரம் வராத பிள்ளையைக் கேலி செய்யும் ஆசிரியர், முதலில் தம் ழகரத்தைச் சோதித்துக்கொள்வது நன்று. ‘பாண்’ என்று நாம் அன்றாடம் சொல்லும் போர்த்துக்கேயச் சொல்லின் ஈற்றிலே மெய்யெழுத்தே கிடையாது. மூக்கொலியோடு கூடிய உயிரே உண்டு. அங்கே ணகரத்தை இட்டு வழங்கிய நம் முன்னோரை யாரேனும் பிரம்பால் அடித்தார்களா?

ஆனால் எல்லாவற்றையும் மழலையென்று விட்டுவிடலாகாது. செவிப்புலன் குன்றிய சிசுவும் முதல் மாதங்களில் ஒலியெழுப்பும். பெற்றோர் ஏமாந்துபோவது அங்கேதான். ஏறத்தாழப் பத்து மாதமாகியும் ‘பபப’, ‘மமம’ என்னும் அடுக்கொலி வாராவிடில், காதைப் பரிசோதிப்பிக்க வேண்டும். நான்கு வயதாகியும் அயலார்க்குப் பேச்சு விளங்காவிடினும் அவ்வாறே. “அப்பனும் நேரங்கழித்தே பேசினான்” என்று பாட்டிமார் தேற்றுவர். அத்தேறுதலில் ஓராண்டு கழிந்துவிடும். கண்டி தேசிய வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உண்டு. பேச்சுச் சிகிச்சையாளரைக் களனிப் பல்கலைக்கழகம் பயிற்றுவித்து வருகிறது. பிள்ளையை அழைத்துச் செல்லும்போது, அது சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ‘பழம்’ என்று திருத்தி எழுதாமல், ‘பயம்’ என்றே எழுதுங்கள்.