காலண்டரில் ஒரு டிக்

சோமனூர்ப் பக்கம் ஒரு வீடு. தினத்தாள் காலண்டரில் கிழித்த தாளை அந்த அம்மா தூக்கிப் போடுவதில்லை. கரண்ட் பில் குத்தும் கம்பியிலேயே குத்தி வைக்கிறார். சில தாள்களில் நல்ல நேரத்துக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு டிக். "இவன் வெளிக்குப் போன நாளுங்க அது."

பையனுக்கு ஏழு வயது. ஆட்டிசம், பேச்சு வரவில்லை. போன வருஷம் திடீரென்று கையைக் கடிக்கவும் தலையைச் சுவரில் முட்டவும் ஆரம்பித்தான். பிடிவாதம் கூடிப்போச்சு என்றார்கள் உறவுக்காரர்கள். தாள்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. முட்டிய நாளெல்லாம் டிக் விழுந்து நாலைந்து நாள் ஆன நாள்.

வயிறு வலிக்கிறது என்று சொல்ல வராத பிள்ளை வேறு எப்படித்தான் சொல்லும்? மனநல மாத்திரையைக் கூட்டுவதற்கு முன், கடைசியாக எப்போது போனான் என்று கேட்பதே முறை என்பேன்.

ஆட்டிசக் குழந்தைகளுக்கும் பெருமூளை வாதக் குழந்தைகளுக்கும் மலச்சிக்கல் மற்றவர்களைவிட அதிகம். ஒருவன் வெள்ளைச் சோறும் பிஸ்கட்டும் பாலும் தவிர எதையும் தொடமாட்டான். ஃபிளஷ் சத்தமும் பினாயில் வாடையும் கக்கூஸ் வாசலிலேயே அவனை நிறுத்திவிடும். இன்னொருத்திக்கு நடமாட்டம் இல்லை, விழுங்கச் சிரமம் என்பதால் தண்ணீரும் குறைவு. வலிப்புக்கும் தசை இறுக்கத்துக்கும் தரும் சில மருந்துகளும் குடலை மந்தமாக்கும். ஒருமுறை வலித்துவிட்டால் பிள்ளை அடக்கப் பழகிவிடும். மூலையில் நுனிக்காலில் நின்று காலைப் பின்னிக்கொள்வதைப் பார்த்து, முக்குகிறான் என்று நினைப்போம். உண்மையில் அடக்குகிறான். அடக்க அடக்க மலக்குடல் விரிந்து, வருகிறது என்ற உணர்வே மழுங்கிப்போகும். பிறகு இறுகிய மலத்தின் ஓரமாக நீர்த்துக் கசிவதைப் பேதி என்று எண்ணி அதை நிறுத்த மருந்து கொடுப்பவர்களும் உண்டு. அதைவிடக் கெடுதல் இல்லை.

வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தொட்டு ஆசனவாயில் வைப்பது அம்முச்சி காலத்துக் கைவைத்தியம். அன்றைக்கு வேலை செய்தாலும், ஏற்கெனவே பயந்த பிள்ளையை அது இன்னும் பயமுறுத்தும். விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு வாயைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டுவது வேண்டவே வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

2018இல் இந்தியக் குழந்தை மருத்துவ வல்லுநர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், தேங்கியதை முதலில் மருந்தால் வெளியேற்றிவிட்டு, பிறகு மாதக்கணக்கில் பராமரிப்பு மருந்தைத் தொடரச் சொல்கிறது. முதல் தேர்வு பாலிஎத்திலின் கிளைக்கால், தண்ணீரில் கரைக்கும் பவுடர். பழகிப்போயிடுமே என்று பயந்து, நாலு நாள் சரியாகப் போனதும் நிறுத்துவதில்தான் பாதி வீடுகள் கோட்டை விடுகின்றன. அந்த மருந்து பழக்கமாகாது. விரிந்த குடல் சுருங்கத்தான் நாள் பிடிக்கும்.

சாப்பிட்டதும் குடல் தானே அசையும். உட்காரவைக்க ஏற்ற நேரம் அதுதான், ஐந்து முதல் பத்து நிமிஷம். ஆனால் ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேன், எட்டரைக்கு அம்மாவுக்குப் பனியன் கம்பெனி என்றால் காலையில் எங்கே உட்காரவைப்பது? ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வெஸ்டர்ன் கோப்பையில் கால் தொங்கினால் முக்க முடியாது. சோமனூர் வீட்டில் காலுக்கடியில் போட்டிருப்பது பழைய சாப்பாட்டு மணை.

கீரையை மசித்து அரிசிம்பருப்புச் சாதத்தில் ஒளிக்கப் பார்த்தார் அந்த அம்மா. பையன் கண்டுபிடித்து, மூன்று வாரம் அரிசிம்பருப்பையே தொடவில்லை. இப்போது தட்டோரத்தில் ஒரே ஒரு கொய்யாத் துண்டு. தின்னச் சொல்வதில்லை, கண்ணுக்குப் பழகட்டும் என்று விட்டிருக்கிறார்.

வயிறு உப்பி வாந்தி வந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, பிறந்து இரண்டு நாள் கழித்துத்தான் முதல் மலம் போயிருந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். கோவை ஜி.எச்.சில் உள்ள மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் பதினெட்டு வயதுவரை பார்க்கிறார்கள்.

ராத்திரி அப்பா தறிக்குடோனிலிருந்து வருகிறார். தலையில் பஞ்சுத் தூசி. செருப்பைக் கழற்றும்போதே கேட்கிறார்: "டிக் விழுந்துச்சா அம்மிணி?"