வெள்ளாவி அடுப்பும் சுடுபுண்ணும்

சிங்கப்பூரில் ஆர்ச்சர்டு சாலை தொடங்கும் பகுதியில், மூன்று இரயில் தடங்கள் நிலத்தடியில் வந்து கூடும் நிலையத்திற்கு டோபி காட் என்று பெயர். நாள்தோறும் ஒலிபெருக்கியில் அப்பெயரைக் கேட்போர் பலர். அதன் பொருளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ‘தோபி’ துணி வெளுப்பவரைக் குறிக்கும் இந்திச் சொல். ‘காட்’ என்பது படித்துறை. தமிழிற் கூறின் வண்ணான் துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைப் பகுதியிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து குடியேறிய வண்ணார், அவ்வழியே ஓடிய பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்து, அருகிருந்த புல்வெளியில் உலர்த்தினர். ஓடை பின்னாளில் கால்வாயாயிற்று. துறை மறைந்தது, பெயர் நிலைத்தது.

துறை என்னும் சொல் நீரையே நினைவூட்டும். ஆயினும் வெளுப்புத் தொழிலில் பாதிதான் நீர், மறுபாதி நெருப்பு. தமிழகத்து வண்ணார் அழுக்குத் துணியை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்து, நீர் கொதிக்கும் பெரும்பானையின் வாய்மீது அடுக்கி, மேலே மூடி, அடியில் விறகெரித்து நெடுநேரம் ஆவியில் வேகவிடுவர். இதுவே வெள்ளாவி. வெளுத்த துணிக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும், அதற்கும் அடுப்பு. சங்கப் பாடல்களிலேயே ஆடைக்குக் கஞ்சியிடும் புலைத்தியைக் காண்கிறோம். இறுதியில் தணல் நிரப்பிய தேய்ப்புப் பெட்டி. ஆக, ஒரு துணி வெளுத்து மடிப்புப் பெறுவதற்குள் அதைத் தொட்ட கை மூன்று முறை நெருப்பின் அருகே சென்று மீள்கிறது. வெளுப்பவரைத் தொழிலின் பெயரால் தாழ்த்தி வைத்த சமுதாயம் துணியின் வெண்மையைக் கண்டது; அக்கைகளின் வடுக்களைக் கணக்கில் வைக்கவில்லை.

இம்மூன்றனுள் கொடியது ஆவியே. கொதிநீரும் நூறு பாகை, அதிலிருந்து எழும் ஆவியும் நூறு பாகை. அப்படியிருக்க ஆவி மட்டும் ஏன் மிகுதியாகச் சுடுகிறது? ஒரு கிராம் கொதிநீர் உடலின் வெப்பநிலைக்குத் தணியும்போது ஏறத்தாழ 63 கலோரி வெப்பத்தைத் தோலுக்குத் தருகிறது. ஒரு கிராம் ஆவியோ, தோலிற் பட்டு நீராக மாறும்போதே 540 கலோரியை விடுகிறது; நீரான பின் அந்த 63 கலோரியையும் தருகிறது. கூட்டிப் பார்த்தால் ஒன்பது மடங்குக்கு மேல். வெள்ளாவிப் பானையின் மூடியைத் தன் பக்கமாகத் திறப்பவர் முகத்தையும் முன்கையையும் இழப்பது இதனால்தான். மூடியின் அப்பாற்பக்க விளிம்பை முதலில் தூக்கி, ஆவியை எதிர்ப்புறமாக வெளியேற விடுதல் பழகிய கைகளின் வழக்கம். இட்லிச் சட்டிக்கும் இதே விதி பொருந்தும்.

கஞ்சியின் கொடுமை வேறு வகை. அது நீர்போல வழிந்தோடாது. தோலில் ஒட்டிக்கொண்டு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 60 பாகை வெப்பமுள்ள நீரே ஐந்து நொடியளவில் தோலை ஆழமாக வேகச்செய்ய வல்லது. 70 பாகையில் ஒரு நொடி போதும். சோறு வடிக்கும்போது பானை நழுவிக் காலில் கொட்டும் கஞ்சி, தமிழ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பட்ட புண்.

விறகடுப்பின் பிற தீங்குகளும் தமிழர் அறிந்தவையே. தாழ்ந்த அடுப்பில் குனிந்து எரிப்பவரின் முந்தானை பற்றிக்கொள்ளும். பருத்தி எரியும், நைலான் உருகித் தோலோடு ஒட்டும். ஈர விறகு புகைகிறதே என்று தணல்மேல் மண்ணெண்ணெய் ஊற்றினால் தீ ஊற்றிய கையை நோக்கியே பாயும். அடுப்பு அணைந்தது போலிருக்கும். நீறு பூத்த நெருப்பில் குழந்தை காலை வைக்கும். கூரை வீட்டில் அடுப்பின் பொறி ஒருவரைச் சுடுவதோடு நில்லாது. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியதால் 94 குழந்தைகள் மாண்டனர். சிங்கப்பூரிலும் அத்தாப்புக் கூரைக் குடியிருப்புகள் இருந்த காலத்தில் தீ பெரும் அச்சமாக இருந்தது. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது. அதன்பின் விரைந்தெழுந்த அடுக்குமாடி வீடுகளில் விறகடுப்புக்கு இடமில்லாது போயிற்று.

சுட்டவுடன் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்குப் பழைய நூலும் புதிய மருத்துவமும் எதிரெதிரான விடை தருகின்றன. சுசுருதர் தீப்புண்ணை நால்வகையாகப் பகுத்தவர்; அப்பகுப்பின் நுட்பம் இன்றும் வியக்கத்தக்கது. ஆனால் மேலோட்டமான சூட்டுக்கு அவர் வெம்மையையே மருந்தாகக் கூறினார். தண்ணீர் குருதியை உறையச் செய்யும் என்பது அவர் கருத்து. இன்றைய ஆய்வு இதனை ஏற்கவில்லை. குளிர்ந்த குழாய் நீரைப் புண்ணின்மேல் இருபது நிமிடம் ஓடவிடுதலே முதல் மருத்துவம். உடனே செய்தல் சிறப்பு. சுட்டு மூன்று மணி நேரத்திற்குள் செய்தாலும் பயனுண்டு. தீயை விட்டு விலகிய பின்னும் தோலினுள் தங்கிய வெப்பம் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனை வெளியே இழுப்பது நீர். இருபது நிமிடம் என்பது அழும் குழந்தையைப் பிடித்திருப்பவருக்கு மிக நீண்ட பொழுது. பெரும்பாலோர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகின்றனர். பனிக்கட்டி கூடாது, அது குருதிக் குழாய்களைச் சுருக்கிப் புண்ணை ஆழமாக்கும். பரந்த புண்ணாயின், அதிலும் குழந்தைக்காயின், புண்ணைக் குளிர்விக்கும்போதே உடலின் பிற பகுதியைப் போர்த்தி வைக்க வேண்டும். உவர்நீரோ சோடாக் காரமோ பட்டதாயின் இன்னும் நெடுநேரம் கழுவ வேண்டும். காரம் வலியை உடனே காட்டாமல் உள்ளே அரித்துச் செல்லும்.

மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் ஆகியவற்றை உடனே கழற்றிவிட வேண்டும். ஒரு மணி நேரம் சென்றால் வீக்கம் கழற்ற விடாது. விரலுக்குப் போகும் குருதியும் தடைப்படும். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் பிய்த்தல் ஆகாது.

வீட்டு வைத்தியம் இங்குதான் குறுக்கிடுகிறது. பேனா மை, தோசை மாவு, பற்பசை என்று தமிழகத்தில் ஒரு வரிசை. சிங்கப்பூரில் அதனோடு சோயாச் சாறும் சேரும். இவை வெப்பத்தை அடைத்து வைக்கும், கிருமிக்கு இடந்தரும். மை பூசிய புண்ணின் ஆழத்தை மருத்துவரால் காணவும் இயலாது. சுண்ணாம்புத் தெளிநீரையும் தேங்காயெண்ணெயையும் குழைத்துப் பூசுவது சற்றே மதிப்புடைய பழைய முறை. ஸ்காட்லாந்தில் கேரன் என்னுமிடத்து இரும்பாலையில் தொழிலாளர் சுண்ணாம்பு நீரோடு ஆளிவிதை எண்ணெயைக் கலந்து பூசினர். ‘கேரன் எண்ணெய்’ என்று மேனாட்டு மருத்துவ நூல்களிலும் அது ஏறிற்று. இரு நாட்டு அடுப்படிகள் ஒன்றையொன்று அறியாமலே ஒரே மருந்தைக் கண்டிருக்கின்றன போலும். ஆயினும் புதுப்புண்ணில் எண்ணெய் வெப்பத்தைக் காக்கும் போர்வையே. இரு நாட்டு மருத்துவரும் இன்று அதனை விலக்குகின்றனர்.

புண்ணின் ஆழத்தை உணர்த்தத் தமிழ் வழக்கில் நல்ல சொற்கள் உள்ளன. சுட்டது, கொப்புளித்தது, வெந்தது, கருகியது என்னும் நான்கையும் பாட்டிமார் மயங்காமல் ஆளுவர். மருத்துவர் பகுக்கும் படிகளும் ஏறத்தாழ இவையே. சிவந்து எரிவது சில நாளில் மாறும். கொப்புளித்தது இரண்டு, மூன்று வாரத்தில் மூடும். அதற்கு மேலும் ஆறாதது தடித்த வடுவை விட்டுச் செல்லும். கருகியதில் ஒரு வஞ்சனை உண்டு: நரம்பு நுனிகளும் வெந்துவிடுவதால் நடுப்பகுதியில் வலி இராது. வலியில்லையே என்று ஆறுதல் கொள்வோர் உண்மையில் மிக அஞ்சத்தக்க புண்ணின் முன் நிற்கின்றனர்.

பரப்பை அளக்க ஒன்பதின் விதி பயன்படுகிறது. வளர்ந்தவரின் உடற்பரப்பில் தலை 9 விழுக்காடு, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, மார்பும் வயிறும் 18, முதுகுப்புறம் 18, எஞ்சிய 1 பிறப்புறுப்பு. புண்பட்டவரின் உள்ளங்கை விரல்களோடு சேர்ந்து ஏறத்தாழ 1 விழுக்காடு. வளர்ந்தவர்க்கு 15 விழுக்காட்டையும் குழந்தைக்கு 10 விழுக்காட்டையும் கடந்தால், குடிக்கும் நீர் மட்டும் போதாது. நாளத்தின் வழியே நீரேற்ற வேண்டும். இதற்கு வழிகாட்டியது ஒரு துயர நிகழ்ச்சி. 1921-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்து ரியால்டோ அரங்கில் தீப்பற்றியபோது புண்பட்டோரை ஆராய்ந்த அண்டர்ஹில், கொப்புளத்தில் ஊறும் நீர் குருதியின் நீர்மப் பகுதியை ஒத்தது என்று கண்டார். தீப்பட்டவர் நஞ்சேறிச் சாகிறார் என்று அதுவரை எண்ணியிருந்தனர். அவர் தம் குருதியின் நீரையே இழந்து சாகிறார் என்பது அப்போது தெளிந்தது. முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்ட புண் சிறிதாயினும் மருத்துவமனைக்கு உரியது.

வள்ளுவர் அடக்கமுடைமை அதிகாரத்தின் 129-ஆம் குறளில், நாவினாற் பட்ட வடு ஆறாமைக்கு எதிராகத் தீப்புண் உள்ளே ஆறிவிடுவதைக் காட்டுகிறார். உவமை நோக்கில் அது முற்றும் பொருத்தமே. உடல் நோக்கில் மட்டும் ஒரு விளக்கம் வேண்டப்படுகிறது. புண் மூடுதல் வேறு. மனிதர் மீளுதல் வேறு. மூடிய தோல் பல மாதங்கள் சுருங்கிக்கொண்டே செல்லும். கழுத்துப் புண் ஆறும்போது மோவாய் மார்பை நோக்கி இழுபடும். முழங்கை மடங்கியபடியே இறுகும். விரல்கள் உள்ளே வளையும். வலி குறைந்திருக்கும் மடக்கிய நிலையே சுருக்கத்திற்கு வழி செய்யும் நிலை என்பது இந்நோயின் சூழ்ச்சி. ஆகவே கழுத்து வெந்தவருக்குத் தலையணை கொடுப்பது அன்பாகத் தோன்றினும் தீங்காகும். கையை நீட்டி மட்டை வைத்துக் கட்டுதல், நாள்தோறும் மூட்டுகளை முழு அளவில் அசைத்தல், அழுத்த ஆடையைக் குளிக்கும் நேரம் நீங்கலாக இரவும் பகலும் அணிதல் என்று ஓராண்டு, சிலர்க்கு அதற்கு மேலும் உழைப்பு வேண்டும். அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கும். புதுத்தோலுக்கு வெயில் ஆகாது.

ஆழ்ந்த புண்ணை, தானே உதிரட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருந்த வழக்கத்தை மாற்றியவர் சுலோவீனியப் பெண் மருத்துவர் சோரா யான்செகோவிச். வெந்த தோலைச் சில நாளிலேயே சீவியெடுத்து ஒட்டுத்தோல் வைக்கும் அவர் முறை 1970-இல் வெளிவந்த கட்டுரையால் உலகெங்கும் பரவியது. மூடும் பொருளுக்கு இந்தியா தந்த எளிய விடைகளும் உள. மும்பையில் கேசுவானி வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலையும், பின்னர் அதே நகரில் கோரே முதலியோர் தூய்மை செய்த வாழையிலையையும் தீப்புண் கட்டாகப் பயன்படுத்தி ஆராய்ந்தனர். தீப்பட்டவரை வாழையிலையில் கிடத்திய தமிழ் வழக்கம் அறிவுக்குப் புறம்பானதன்று என்பதற்கு இது சான்று. இலை புண்ணில் ஒட்டாது. கட்டு மாற்றும்போது புதுத்தோல் பிய்ந்து வராது.

உணவைப் பற்றிய வழக்கமோ நேர்மாறு. புண் சீழ்பிடிக்கும் என்று முட்டையையும் மீனையும் பருப்பையும் விலக்கிக் கஞ்சியோடு நிறுத்தும் பத்தியம் இன்றும் பல வீடுகளில் உண்டு. பெரும் தீப்புண் பட்ட உடல், ஓய்வாகக் கிடக்கும்போதே இயல்பினும் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் தன்னை எரித்துக்கொள்கிறது. தோல் புரதத்தால் ஆவது. அப்புரதத்தை மறுத்தால் உடல் தன் தசையைக் கரைத்தே புண்ணை மூட வேண்டும்.

இன்றைய சிங்கப்பூரில் இத்தகைய நோயாளரை ஏற்பது சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் தீப்புண் மையம். 2002-இல் பாலித் தீவுக் குண்டுவெடிப்பில் எரிந்தோர் சிலரும் அங்கே கொண்டுவரப் பெற்றனர். விறகடுப்பு மறைந்த பின்னும் வீட்டுப் புண் மறையவில்லை. கொதிநீரும் குழம்பும் சூப்பும் தேநீருமாக அது உருமாறி, மேசை விரிப்பைப் பிடித்து இழுக்கும் குழந்தையைத் தேடி வருகிறது. சிராங்கூன் சாலை உணவகத்தில் சாம்பார் வாளி சுமப்பவருக்கும் அதே இருபது நிமிட நீர்தான் முதல் மருந்து. மருந்துக் கட்டு நீங்கிய பின் அவர் கைக்கு வைக்கப்படும் தேர்வும் எளியதே: விரல்களை முழுதும் மடக்கி வாளியின் பிடியைப் பற்ற முடிகிறதா, மீண்டும் முழுதும் விரித்து அதை விட முடிகிறதா என்பது.