ஒருநாள் ஸ்கூபா டைவிங் பயணம்

ஒருநாள் ஸ்கூபா டைவிங் பயணம் என்பது, அதிகாலையில் ஊரிலிருந்து புறப்பட்டு, கடலில் ஓரிரு முறை மூழ்கிவிட்டு, அன்று இரவே வீடு திரும்பும் சுற்றுலா ஆகும். சென்னையிலிருந்து ஏறக்குறைய 150 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரி இதற்குப் பெயர் பெற்றது. மதுரைக்காரர்களுக்கு எட்டும் தொலைவில் இருப்பது இராமேசுவரம் பக்கத்துக் கடல். ஆனால் கடலிலிருந்து மலைக்குத் திரும்புவோர் நேரத்தைக் கணக்கிட்டே பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

கருவியும் அழுத்தமும்

முதுகில் கட்டிய உருளையில் அடைத்த காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் நீந்துவதே ஸ்கூபா டைவிங். மூழ்குபவர் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்பக் காற்றைத் தரும் சீராக்கியை 1943-இல் பிரான்சு நாட்டின் ஜாக் கூஸ்தோவும் எமில் காஞ்யானும் உருவாக்கினர். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் மூச்சை அடக்கி மூழ்கினர். ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பிய காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிய நேரிடும்.

புதியவர்களுக்கு

பயிற்சி பெறாதவர்களும் பயிற்றுநரின் துணையுடன் அறிமுக முறையில் மூழ்கலாம். இதன் எல்லை பொதுவாக 12 மீட்டர் ஆழம். அடிப்படைச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு 18 மீட்டர் வரை அனுமதி உண்டு. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காதுக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டபின் இறங்குவது நல்லது. கர்ப்பிணிகள் மூழ்கக் கூடாது. சளி பிடித்திருந்தால் காதில் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது என்பதால் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.

இடமும் பருவமும்

புதுச்சேரியில் இயற்கைப் பாறைத்திட்டுகளோடு, மீன்கள் சேர்வதற்காக அமைக்கப்பட்ட ‘டெம்பிள் ரீஃப்’ என்னும் செயற்கைத் திட்டும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அங்கு அலை மிகும், நீரும் கலங்கும். இராமேசுவரத்தில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது தென்கடலான மன்னார் வளைகுடாவும், வாடைக்காற்றின்போது வடகடலான பாக் நீரிணைப் பகுதியும் கொந்தளிக்கும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறை அனுமதியின்றி அங்கு மூழ்கக் கூடாது.

மலைக்குத் திரும்புதல்

ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன், இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சு வழியே சிறிது சிறிதாக வெளியேறும். வெளி அழுத்தம் திடீரெனக் குறைந்தால், சோடா புட்டியைத் திறந்ததுபோல் உடலுக்குள் குமிழிகள் உண்டாகும். இதுவே அழுத்தக்குறைவு நோய். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலேறுவதும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பதும் இதைத் தவிர்க்கும் வழக்கங்கள்.

கரையேறிய பின்னும் பல மணிநேரம் மிச்ச நைட்ரஜன் உடலில் தங்கியிருக்கும். அதனால், ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணிநேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணிநேரமும் விமானத்தில் செல்லக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. மலையேற்றமும் இதே விளைவைத் தரும். 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களுக்குச் செல்வோர் இதே இடைவெளியைப் பின்பற்ற வேண்டும்.

தேனி மாவட்டத்தின் அனுமந்தன்பட்டி, கம்பம் பள்ளத்தாக்கின் தரைமட்டத்தில் உள்ளது. அதன் உயரம் 600 மீட்டருக்குக் கீழேதான். இராமேசுவரத்தில் மூழ்கியவர் மதுரை, தேனி வழியாக இந்த ஊருக்குத் திரும்பும்போது அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. அதே சாலையில் கம்பம் கடந்து குமுளி மலைச்சாலையில் ஏறினால் எல்லையைத் தாண்டிவிடுவார். மேகமலையும் மூணாறும் இன்னும் உயரம். 2,133 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்கு வந்து மூழ்குவோரும் அன்றே திரும்பக் கூடாது.

அறிகுறிகள்

மூட்டுவலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல், மிகுந்த சோர்வு ஆகியவை முக்கிய அறிகுறிகள். மலைச்சாலையில் வரும் மயக்கம் என்றோ, பயணக் களைப்பு என்றோ இவற்றை ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு. மூழ்கிய ஒருநாளுக்குள் இவை தோன்றினால் மேலும் உயரம் ஏறாமல் மருத்துவமனைக்குச் சென்று, கடலில் மூழ்கியதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். உடனடி முதலுதவி தூய ஆக்சிஜன். முழுச் சிகிச்சை உயரழுத்த அறையில் தரப்படுகிறது.

கடலையும் மலையையும் ஒரே விடுமுறையில் காண விரும்புவோர், மலையை முதலிலும் கடலைக் கடைசியிலும் வைத்துக்கொள்வது எளிய வழி.