உள்ளுக்குள் அதட்டும் குரல்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து காலையில் வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்களில் பலருக்குக் கூலி கணக்குப்படிதான். எத்தனை கட்டை அடுக்கினாய், எத்தனை குரோஸ் பெட்டி ஒட்டினாய் என்பதே அன்றைய சம்பளம். விரல் வேகமாக ஓடிய நாள் நல்ல நாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாதியில் எழுந்துபோன நாள் கெட்ட நாள். வருஷக்கணக்கில் இப்படி எண்ணப்பட்டவருக்குத் தன்னையும் எண்ணிக்கையால் எடைபோடும் பழக்கம் வந்துவிடுவதில் ஆச்சரியமில்லை. கரிசல் காட்டுச் சம்சாரியும் இதற்கு விலக்கல்ல. புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசிப்பயறும் மழை தப்பிக் கருகிப்போனால், வானத்தைத் திட்டுவதைவிட அதிக நேரம் அவர் தன்னைத்தான் திட்டிக்கொள்கிறார். "நாலு நாள் பொறுத்து விதைச்சிருக்கணும், எனக்குப் புத்தி இல்ல."

அமெரிக்க உளவியலாளர்கள் ஜெனிஃபர் குரோக்கரும் கோனி வுல்ஃபும் 2001-ல் இந்த மனப்போக்கை விரிவாக விளக்கினார்கள். மனிதர்கள் தங்கள் மதிப்பை ஏதாவது ஒன்றின்மீது கட்டிவைக்கிறார்கள்: மார்க், அழகு, அடுத்தவர் மெச்சுதல், வேலையில் வெற்றி. கட்டிவைத்த இடம் ஆட்டம் கண்டால் ஆளும் சேர்ந்து சரிகிறார். மழையை நம்பிய ஊரில், பீஸ் ரேட் கூலியில், அந்த இடம் ஆட்டம் காணாத வருஷம் ஏது?

இப்போது இந்த ஊர்ப் பெண்களின் கைபேசியிலும் 'உன்னை நீ நேசி' என்ற ரீல்ஸ் வருகிறது. காலையில் கண்ணாடி முன் நின்று 'நான் அழகானவள், நான் அன்புக்குத் தகுதியானவள்' என்று பத்து முறை சொல்லச் சொல்கிறார்கள். சொல்பவர்களின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அறிவியல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது, விடை சங்கடமானது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட்டும் அவரது குழுவினரும் 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் பங்கேற்றவர்கள், மணி ஒலிக்கும்போதெல்லாம் 'நான் நேசிக்கத் தகுந்தவன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். தன்மதிப்பு ஏற்கெனவே உயர்ந்திருந்தவர்களுக்கு அது சற்றே தெம்பு தந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கோ, அந்த வாக்கியத்தைச் சொல்லாமலே இருந்தவர்களைவிட மனம் இன்னும் சோர்ந்தது. யாருக்கு மருந்து தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. 'நான் நல்லவள்' என்று ஒருவர் சொன்னதும், 'அப்படியா? போன வருஷம் என்ன செய்தாய்?' என்று உள்ளிருந்து எதிர்க்கேள்வி கிளம்புகிறது. வாக்கியம் ஒன்று, எதிர்ச்சாட்சிகள் நூறு.

அந்த எதிர்க்கேள்வியைக் கேட்பது யார்? பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவ உளவியலாளர் பால் கில்பர்ட் பல ஆண்டுகள் இதைத் தேடினார். அவரிடம் வந்த நோயாளிகள் அறிவாளிகள்தான். எதிர்மறை எண்ணத்துக்குப் பதில் எண்ணம் எழுதச் சொன்னால் சரியாக எழுதிவிடுவார்கள். 'எனக்கும் குடும்பம் இருக்கிறது, நான் பல வேலைகளைச் செய்து முடித்திருக்கிறேன்' என்பார்கள். ஆனாலும் மனம் தேறவில்லை. ஒரு நோயாளியிடம், அந்தப் பதிலை மனதுக்குள் எந்தக் குரலில் சொல்லிக்கொள்கிறீர்களோ அதே குரலில் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டார் கில்பர்ட். வந்த குரல் கடுகடுத்தது, வெறுப்பு நிறைந்தது. சொற்கள் ஆறுதலானவை, தொனியோ அடிப்பது போல. மூளை கேட்டது தொனியைத்தான்.

பரிவை மையமாகக் கொண்ட சிகிச்சை முறை ஒன்றைக் கில்பர்ட் உருவாக்க வழி திறந்தது இந்த அனுபவம். மனித உணர்ச்சிகளை அவர் மூன்று ஏற்பாடுகளாகப் பார்க்கிறார். ஆபத்தைக் கண்டால் உடலை உஷார்படுத்துவது ஒன்று, வேண்டியதைத் தேடி ஓடவைப்பது மற்றொன்று. மூன்றாவது, பத்திரமாக இருக்கிறோம் என்று உடலை அடங்கவைப்பது. தாயின் மடியில் குழந்தைக்குக் கிடைப்பது அந்த மூன்றாவதுதான். தன்னைத் தானே திட்டும்போது, திட்டுபவரும் பயந்து ஒடுங்குபவரும் ஒரே உடம்புக்குள் இருக்கிறார்கள். முதல் ஏற்பாடு ஓயாமல் வேலை செய்கிறது. ஒலிவியா லாங்கும் கில்பர்ட் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 2010-ல் மூளை ஸ்கேன் வழியாக இதைப் பார்த்தார்கள். தன்னைக் குறைகூறிக்கொள்ளும்போது, பிழை கண்டறிதலோடு தொடர்புடைய பகுதிகள் தூண்டப்பட்டன. தனக்குத் தைரியம் சொல்லிக்கொள்ளும்போது தூண்டப்பட்டவற்றில், பிறர்மேல் இரக்கம் கொள்ளும்போது இயங்கும் பகுதியும் இருந்தது. தன்மேல் வைக்கும் பரிவும் பிறர்மேல் வைக்கும் பரிவும் மூளையில் உறவுக்காரர்கள்.

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-ல், தன்மேல் வைக்கும் இந்தப் பரிவை அளப்பதற்கு 26 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். தன்னிடம் கனிவு, துன்பம் தனக்கு மட்டுமல்ல எல்லோருக்கும் உண்டு என்ற உணர்வு, வலியை மறைக்காமலும் பெரிதாக்காமலும் பார்ப்பது ஆகிய மூன்றும் அதன் அடிப்படை. தன்னைப் பெரியவராக நினைத்துக்கொள்வது இதில் எங்கும் இல்லை.

"இப்படிச் செல்லம் கொடுத்தால் உருப்படவா முடியும்?" என்று கேட்பவர்கள் நம் வீடுகளில் நிறைய. பிள்ளைகளைத் திட்டித் திருத்தியே பழகிய தலைமுறைகள் நாம். கலிஃபோர்னியாவில் ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. கடினமான சொற்தேர்வில் சறுக்கிய மாணவர்களில் சிலருக்கு, தங்களிடம் பரிவாக இருக்கும்படி சிறு தூண்டுதல் தரப்பட்டது. அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தது அவர்கள்தான். பயம் ஆளை எழுப்பும், உண்மைதான். உட்கார்ந்து படிக்கவைப்பது தைரியம்.

சரி, இந்தக் கனிவான தொனியை யாரிடம் கற்றுக்கொள்வது? பிறந்தது முதல் அதட்டலையே கேட்டு வளர்ந்தவரால் அதைத் தானாக உண்டாக்கிக்கொள்வது கடினம். முதலில் இன்னொருவரின் குரலில் அதைக் கேட்க வேண்டும். அந்த இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் கரிசல் பூமியின் பிரச்சினை. கோவில்பட்டியிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் கூலி போகும். வாரம் ஒருமுறை என்றால் வாரம் ஒரு நாள் கூலி. போதாக்குறைக்கு, மனநலப் பிரிவின் வாசலில் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால் மகளின் சம்பந்தம்வரை பேச்சு வரும். பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பரவலாகக் காணப்படும் மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று தெரியவந்தது. அந்தக் கணக்கில் தமிழ்நாடும் உண்டு.

ஆகவே கைபேசி. படம் கூட வேண்டாம், குரல் போதும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. சிகாகோவில் டேவிட் மோரும் குழுவினரும் மனச்சோர்வுள்ள 325 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நேரிலும் மறுபாதிக்குத் தொலைபேசியிலும் அதே 18 அமர்வு உளவியல் சிகிச்சையை அளித்தார்கள். முடிவு 2012-ல் வெளியானது. நேரில் வந்தவர்களில் 32.7 சதவீதம் பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், தொலைபேசிக்காரர்களில் 20.9 சதவீதம் பேர்தான். சிகிச்சை முடிந்த நேரத்தில் இரு தரப்பும் ஒரே அளவு தேறியிருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நேரில் வந்தவர்கள் ஒரு படி மேலே இருந்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் நம் ஊரில் நேரில் போவது என்பது பெரும்பாலும் போகாமலே இருப்பது. அதோடு ஒப்பிட்டால் தொலைபேசி எவ்வளவோ மேல்.

கிராமத்து ஆட்கள் திரையைப் பார்த்து மனம் திறப்பார்களா என்ற சந்தேகத்துக்கும் தமிழ்நாட்டிலேயே பதில் உண்டு. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, 2010-ல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே ஒரு சிறு அறை, ஒரு திரை, மருந்து கொடுக்க ஓர் இடம். சென்னையில் இருக்கும் மருத்துவர் திரையில் பேசுவார். பேருந்து ஊர் ஊராகப் போய் நின்றது. ஜனங்கள் வந்தார்கள், பேசினார்கள். புதுக்கோட்டையும் வறண்ட சீமைதான்.

இன்று கோவில்பட்டியில் இருக்கும் ஒருவர் முதலில் அழுத்த வேண்டிய எண் 14416. இந்த மனநல உதவி எண்ணை 2022 அக்டோபரில் மத்திய அரசு டெலிமானஸ் என்ற பெயரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை என்ற பெயரில் நடக்கிறது. இரவு பகல் எந்நேரமும் இலவசம். தமிழிலேயே ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார், அரசு மனநலத் திட்ட மருத்துவமனைக்கு வழிகாட்டுவார். நாடு முழுவதும் இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்திருக்கின்றன.

ஆனால் உதவி எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. வாரா வாரம் ஒரே ஆள், நம் கதையை நினைவில் வைத்துக்கொண்டு பேசுவதற்கு அது அமைந்ததல்ல. உள்ளே படிந்த தொனியை மாற்ற அந்தத் தொடர்ச்சிதான் முக்கியம். அதற்குத் தனி சிகிச்சையாளரை ஆன்லைனில் தேடும்போது கவனம் வேண்டும். மருந்து எழுதும் அதிகாரம், மனநல மருத்துவர் போன்ற பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டுமே. 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி அவர் தம் பதிவு எண்ணைத் தெரிவிக்க வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது, நல்லவர்கள் கேட்கும் முன்பே சொல்வார்கள். 'கவுன்சலர்' என்ற பெயர்ப்பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும் நிலைதான் இன்றும் இருக்கிறது. எனவே என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று விசாரிக்க வேண்டும். கடைசிக் கேள்வி முக்கியமானது. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் சங்கத் அமைப்பு, உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கடும் மனச்சோர்வைக் குறைத்துக் காட்டியது. பயிற்சியும் மேற்பார்வையும்தான் அங்கே வேலை செய்தன.

இருபத்தொரு நாளில் மாற்றிக்காட்டுகிறேன் என்பவரையும், மற்ற நோயாளிகளின் கதையை உங்களிடம் சொல்பவரையும் விட்டு விலகுங்கள். உங்கள் கதையும் அப்படித்தான் போகும். செயலிகளிலும் எச்சரிக்கை தேவை. பெட்டர்ஹெல்ப் என்ற அமெரிக்க நிறுவனம், சிகிச்சைக்கு வந்தவர்களின் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றுடன் பகிர்ந்தது என்று குற்றம்சாட்டிய அந்நாட்டு வணிக ஆணையம், 2023-ல் 78 லட்சம் டாலர் கட்டவைத்தது.

நல்ல சிகிச்சையாளர் கிடைத்தால் என்ன நடக்கும்? கட்டை அடுக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். "சீட்டுக் காசு கட்ட முடியல மேடம். நான் ஒரு உருப்படாத சென்மம்" என்கிறார். மறுமுனையில் இருப்பவர் மறுத்துப் பேசுவதில்லை. "உங்க பக்கத்துல உக்காந்து கட்டை அடுக்குற அக்கா இதையே சொல்லி அழுதா என்ன சொல்வீங்க?" என்று கேட்கிறார். "விடுக்கா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு சொல்வேன்." "அதே குரல்ல, உங்க பேரைச் சொல்லி, உங்களுக்கே சொல்லிப் பாருங்க." நீண்ட மௌனம். "வாய் வரல மேடம்." அந்த அமர்வின் மிச்ச நேரம் முழுவதும் ஏன் வாய் வரவில்லை என்பதற்கே போகும். கனிவைக் கண்டால் சிலருக்குப் பயம் வரும். இளகினால் உடைந்துவிடுவோம் என்ற பயம். கில்பர்ட் அதையும் ஆராய்ந்திருக்கிறார். மூச்சை நிதானமாக இழுத்துவிடப் பழகுவது, தனக்கே ஒரு கடிதம் எழுதிப் பார்ப்பது என்று அடுத்தடுத்த வாரங்களில் மெல்ல மெல்லத்தான் குரல் மாறும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் சிகிச்சை விடையல்ல. வீட்டில் அடிவாங்குகிறவருக்குத் தன்னை நேசிக்கக் கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது. பெண்களுக்கான 181 என்ற எண் அதற்கு இருக்கிறது. கடனும் பசியும் சிகிச்சையால் தீராது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் வாராந்திர அமர்வுக்குக் காத்திருக்கக் கூடாது, அப்போதே 14416-ஐ அழைக்க வேண்டும்.

தொலைபேசி வழிச் சிகிச்சைக்கு இன்னொரு தடை, பேச இடம். ஒற்றை அறை வீடு, மாமியார் கட்டிலில், பிள்ளைகள் தரையில், கைபேசியோ கணவருடையது. மொட்டை மாடியும் கண்மாய்க்கரையும் எல்லாருக்கும் வாய்க்காது. தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அத்திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் 14416 எண்ணையும் சொல்லிவிட்டு வரலாம். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, ஒரு தொலைபேசி, ஒரு ஹெட்செட், வாரத்தில் இரண்டு மாலைகள் வேண்டும். அந்த மாலைகள் தீப்பெட்டி ஆபீஸ் வேன் திரும்பிய பிறகு, ஆறு மணிக்கு மேல் அமைய வேண்டும்.