அன்னாசியின் ஆப்பிரிக்க உறவு

கொல்லிமலை அன்னாசியைச் சுவைத்திருக்கிறீர்களா? அதன் தாயகம் தென் அமெரிக்கா. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் அதைக் கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். அன்னாசி அடங்கிய புரோமீலியேசி குடும்பத்தில் 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒன்றைத் தவிர எல்லாமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. அந்த ஒன்று பிட்கெர்னியா ஃபெலிசியானா. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டு மணற்பாறைகளில் தானாக வளர்கிறது. அது எப்படி அங்கே போயிற்று?

தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் முன்பு ஒட்டியிருந்தன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் முற்றிலும் பிரிந்தன. அப்போது இச்செடி அக்கரையில் தங்கிவிட்டதா? அல்லது கடல் உண்டான பிறகு விதை தாண்டிச் சென்றதா? இலையையும் பூவையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது.

ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுபவர் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால், அதிலிருந்து படியெடுக்கும் சுவடிகளிலெல்லாம் அப்பிழை தொடரும். இரண்டு சுவடிகளில் ஒரே மாதிரிப் பிழைகள் பல இருந்தால், அவை ஒரே மூலத்தின் வழி வந்தவை என்று ஊகிக்கலாம் அல்லவா? செடியின் செல்லிலும் இப்படி ஓர் ஏடு உண்டு. அதுதான் டி.என்.ஏ. அதன் எழுத்துகள் நான்கே. தலைமுறைதோறும் படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறும். உறவை அறிய உதவும் இம்மாற்றங்களே மரபணு அடையாளங்கள். இலைப் பச்சைக்குக் காரணமான பசுங்கணிகத்துக்கும் சொந்த டி.என்.ஏ. உண்டு. அது மெதுவாகவே மாறும். ஆகவே பழைய உறவுகளைத் தேட ஏற்றது.

மாற்றங்களின் எண்ணிக்கையைக் கொண்டு காலத்தையும் கணக்கிடலாம். ஆனால் கடிகாரம் என்றாலே, அதற்கு நேரம் வைத்தது யார் என்று கேட்பது இயற்பியல் ஆசிரியனான என் வழக்கம்! வயது தெரிந்த தொல்லெச்சங்களைக் கொண்டுதான் நேரம் வைக்கிறார்கள். அன்னாசிக் குடும்பத்தின் தொல்லெச்சங்கள் மிக அரிது. எனவே பிற ஒருவித்திலைத் தாவரங்களின் தொல்லெச்சங்களை நம்ப வேண்டியிருந்தது. விடையில் சற்று முன்பின் இருக்கத்தான் செய்யும்.

2011-இல் தாமஸ் கிவ்னிஷ் குழுவினர் பசுங்கணிக டி.என்.ஏ.வின் 8 பகுதிகளை ஒப்பிட்டுக் கணக்கிட்டனர். செடி ஆப்பிரிக்கா சேர்ந்தது ஏறத்தாழ 93 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான்! 10 கோடி எங்கே, 93 லட்சம் எங்கே? அப்போது அட்லாண்டிக் அகன்ற பெருங்கடல். காற்றிலோ பறவையின் உடலில் ஒட்டியோதான் விதை போயிருக்க வேண்டும்.

உறவுமுறையும் மாறிற்று. இறக்கை விதை, பஞ்சிழை விதை, சதைக்கனி என்று முன்பு 3 துணைக்குடும்பங்கள் வகுத்திருந்தனர். கிவ்னிஷ் குழுவினர் 8 ஆக்கினர். இறக்கை விதைக்காகப் பிட்கெர்னியாவுடன் சேர்த்து வைக்கப்பட்டிருந்த புரோக்கினியா, குடும்பத்திலிருந்து முதலில் பிரிந்த கிளை. பிட்கெர்னியாவுக்கு அதைவிட அன்னாசியே நெருங்கிய உறவு.